ஆயிரம் பிள்ளைகளின் தாய்: உடுவில் வழியே ஒரு யாழ்ப்பாணப் பயணம்

வியாழக்கிழமை, யாழ்ப்பாண நகரம்

யாழ்ப்பாணத்தில் பெண் கல்வி எவ்வாறு வேரூன்றியது என்பதை, அது வேரூன்றிய இடங்களுக்கே சென்று அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணத்தைத் தொடங்கியிருக்கிறேன். திருகோணமலையில் பெண்கள் பாடசாலையொன்றில் படிப்பிக்கிறேன். பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவதே பெரும் துணிச்சலாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால், என் மாணவிகள் ஏதோ வேற்று நாட்டுச் செய்தியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மம்மாவின் அம்மம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரிந்திருந்ததா என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னால், மறுநாள் பாதிப் பேர் பதில் இல்லாமலே வருவார்கள். அந்தப் பதிலைத் தேடி நானே புறப்பட்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பேருந்து நிலையத்திலிருந்து பிரதான வீதிக்கு நடந்தே போனேன். இந்த ஒரு வீதியைக் கிழக்கு நோக்கிப் பிடித்து நடந்தாலே பெண் கல்வியின் ஒரு நூற்றாண்டைக் கடந்துவிடலாம். 1830களில் மெதடிஸ்த மிஷனார் பெண்பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியின் வழிவந்த வேம்படி மகளிர் கல்லூரி முதலில் வருகிறது. அதைத் தாண்டினால் திருக்குடும்பக் கன்னியர் மடம். பிரான்சிலிருந்து அந்தச் சபையின் அருட்சகோதரிகள் 1862இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். மேலும் நடந்தால் சுண்டுக்குழி. அங்கே 1896 ஜனவரியில் ஆங்கிலத் திருச்சபை மிஷனைச் சேர்ந்த மேரி கார்ட்டர் என்ற பெண்மணி விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாணவிகளோடு பள்ளியைத் தொடங்கினார். சபைகளுக்கிடையே இருந்த போட்டியும் இந்த வேகத்துக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு சபை பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தால், தன் சபைப் பிள்ளைகள் அங்கே போய்விடுவார்களே என்று மற்றச் சபையும் வைத்தது. போட்டியால் நன்மை அடைந்தவர்கள் பிள்ளைகள்.

இவற்றுக்கு முன்னர் இந்த மண்ணில் படிப்பே இருக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. திண்ணைப் பள்ளிக்கூடங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. ஆண்பிள்ளைகள் மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகி, பிறகு எழுத்தாணி பிடித்து ஏட்டில் எழுதினார்கள். நிகண்டும் நன்னூலும் மனனம் செய்தார்கள். அந்தத் திண்ணைகளில் பெண்பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கவில்லை. கோயில்களில் ஆடலும் பாடலும் தொழிலாகக் கொண்ட குடும்பத்துப் பெண்களே எழுத்தறிந்தவர்களாக இருந்தபடியால், குடும்பப் பெண்ணுக்கு எழுத்து ஆகாது என்ற எண்ணம் ஆழப் பதிந்திருந்தது. எழுத்தும் ஏடும் நிறைந்த ஓர் ஊரில் பாதிப் பேருக்கு அவை விலக்கப்பட்டிருந்தன என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

மாலையில் பொது நூலகத்தின் முன் சற்று நேரம் இருந்தேன். 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்ட ஏறத்தாழ 97,000 நூல்களிலும் சுவடிகளிலும், நான் தேடி வந்திருக்கும் பெண்களைப் பற்றிய செய்திகளும் எத்தனை எரிந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரவு இணுவிலில் பெரியம்மா வீட்டில் தங்கல்.

வெள்ளிக்கிழமை, உடுவில்

மருதனார்மடச் சந்தியிலிருந்து மானிப்பாய்ப் பக்கம் திரும்பினால் சில நிமிடங்களில் உடுவில் வந்துவிடுகிறது. இருபுறமும் செம்மண் தோட்டங்கள். வெங்காயப் பாத்திகளுக்கு இயந்திரம் போட்டு நீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். கிடுகு வேலிகள் இருந்த இடங்களில் பெரும்பாலும் மதில்கள் எழுந்துவிட்டன. ஓரிரு ஒழுங்கைகளில் மட்டும் பூவரசங் கதியால்கள் இன்னும் நிற்கின்றன.

முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தபடியால், உடுவில் மகளிர் கல்லூரியில் ஓர் ஆசிரியை என்னை உள்ளே அழைத்துச் சென்றார். இடைவேளை நேரம். வெள்ளைச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகப் பிள்ளைகள் முற்றம் முழுவதும் நிறைந்திருந்தார்கள். இந்த முற்றத்தில் 1824ஆம் ஆண்டில் ஒரு சில சிறுமிகள் மட்டுமே இருந்திருப்பார்கள். ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்றாக இது எண்ணப்படுகிறது.

தொடங்கியவர் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்ஸ்லோ. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தின் நோர்விச் என்ற ஊரில் 1796இல் பிறந்தவர். திருமணமான கையோடு 1819இல் கணவர் மைரன் வின்ஸ்லோவுடன் பொஸ்டனில் கப்பலேறி, மறு ஆண்டு யாழ்ப்பாணம் வந்து உடுவிலில் குடியேறினார். பிற்காலத்தில், 1862இல், சென்னையில் வெளிவந்த பெரிய தமிழ் ஆங்கில அகராதியால் மைரன் வின்ஸ்லோவின் பெயர் தமிழறிந்தோர் எல்லோருக்கும் தெரியும். ஹரியட்டின் பெயர் உடுவிலுக்கு வெளியே பலருக்குத் தெரியாது. இது எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை. சொற்களைத் தொகுத்தவரை நினைவில் வைத்திருக்கிறோம். அந்தச் சொற்களை வாசிக்கப் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தவரை மறந்துவிடுகிறோம்.

அவர்கள் வந்திறங்கிய காலம் எளிதானதன்று. பிரித்தானிய அரசு முதலில் அமெரிக்க மிஷனாரை அனுமதித்தது. ஆனால் 1820இல் எட்வர்ட் பார்ன்ஸ் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் புதிதாக எவரும் வரக் கூடாது என்று தடுத்துவிட்டார். அச்சிடும் பணிக்காக வந்த ஜேம்ஸ் காரெட் என்பவர் நாட்டை விட்டே வெளியேற்றப்பட்டார். அந்தத் தடை 1833வரை நீங்கவில்லை. ஏற்கெனவே வந்திருந்த சிலர் மட்டும், நோயும் சாவும் துணையாக, எல்லாப் பணிகளையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஹரியட் பிள்ளைகளைப் பெற்றார், சிலரைப் பறிகொடுத்தார், விடுதியை நடத்தினார். தடை நீங்கிய அதே 1833ஆம் ஆண்டு ஜனவரியில், தமது 36ஆவது வயதில், இங்கேயே காலமானார். அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ் இவருடைய கொள்ளுப் பேரன் என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும்.

ஆனால் விடுதி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான செமினரி என்ற மிஷன் உயர்கல்லூரி தொடங்கியிருந்தது. அங்கே படித்துக் கிறிஸ்தவர்களாகும் இளைஞர்கள் வீடு திரும்பிச் சைவப் பெண்களை மணந்தால், மிஷனின் உழைப்பு ஒரு தலைமுறையோடு கரைந்துவிடும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். ஆகவே படித்த கிறிஸ்தவ மனைவியரை உருவாக்குவதே உடுவிலின் முதல் நோக்கம். பெற்றோர் இடையிலே பிள்ளையை அழைத்துக்கொண்டு போய்விடாதிருக்க, படிப்பை முடிக்கும் மாணவிக்கு மிஷனே ஒரு சிறு தொகையைச் சீதனமாகக் கொடுத்தது. அமெரிக்காவிலிருந்து செலவுக்குப் பணம் அனுப்பிய கொடையாளிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தப் பெயர்மாற்றத்தை நினைக்கும்போது என் மனம் ஒப்பவில்லை. தாய் தகப்பன் வைத்த பெயரோடு உள்ளே போன ஒரு சிறுமி, கடல் கடந்த ஒரு சீமாட்டியின் பெயரோடு வெளியே வந்தாள் என்றால், அங்கே ஏதோ ஒன்று பறிபோயிருக்கிறது. அதே சிறுமி வாசிக்கத் தெரிந்தவளாக வெளியே வந்தாள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்திருக்க விரும்புகிறேன்.

என்னை அழைத்துச் சென்ற ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "அவை என்ன நினைச்சுத் தொடங்கினவையோ அது அவையோட போட்டுது. பிள்ளையள் என்னத்துக்குப் படிச்சதுகள் எண்டது வேற கதை, ரீச்சர்," என்றார். இந்தப் பயணம் முழுவதற்கும் இந்த ஒரு வார்த்தை போதும் என்று எனக்குப் பட்டது.

ஹரியட்டுக்குப் பின் வந்தவர்களில் எலைசா அக்னியூவைப் பற்றித்தான் நான் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். நியூயோர்க் நகரில் 1807இல் பிறந்தவர். மிஷன் பணிக்குப் போக வேண்டும் என்று சிறுவயதிலேயே முடிவு செய்திருந்தும், பெற்றோர் இருக்கும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவர்கள் மறைந்த பிறகு, 1839இல் கப்பலேறி 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்தார். திருமணம் செய்துகொள்ளாத ஒரு பெண், கணவனின் பணிக்குத் துணையாக அல்லாமல் தன் பணிக்காகவே தனித்து வந்தது, அன்றைய யாழ்ப்பாணத்துக்கு முற்றிலும் புதிய காட்சி. பெண்ணாய்ப் பிறந்தவள் வாழ்க்கைப்பட்டே ஆக வேண்டும் என்று எண்ணியிருந்த தாய்மார் அவரை எப்படிப் பார்த்திருப்பார்கள்! 1879வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் உடுவிலில் இருந்தார். இடையில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. தாய், மகள், பேத்தி என்று ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் அவரிடம் படித்தன. அவரிடம் படித்தவர்கள் 1000 பேர் அளவில் என்பதால் ‘ஆயிரம் பிள்ளைகளின் தாய்’ என்று அழைக்கப்பட்டார்.

அவர் செய்தவற்றுள் என்னை மிகவும் கவர்ந்தது, விடுமுறைக் காலங்களில் அவர் ஊர் ஊராகப் போனதுதான். படிப்பை முடித்து வாழ்க்கைப்பட்ட தம் மாணவிகளின் வீடுகளைத் தேடிப் போய், அவர்களோடு தங்கி, அவர்கள் சமைத்த சோற்றையும் கறியையும் உண்டு, அவர்கள் இன்னும் வாசிக்கிறார்களா, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று விசாரித்து வந்தார். பத்து வயதில் கற்ற எழுத்தை இருபது வயதில் அடுப்படிப் புகையில் மறந்துவிடுவது எவ்வளவு எளிது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். ஆசிரியை வாசலில் வந்து நிற்பார் என்ற எண்ணமே எத்தனை வீடுகளில் ஏட்டையும் புத்தகத்தையும் கையில் எடுக்க வைத்திருக்கும்! பள்ளிக்கூடத்தை மட்டும் நடத்தியிருந்தால் அவர் நல்ல அதிபராக இருந்திருப்பார். மாணவிகளின் வீடுவரை போனதனால்தான் தாய் ஆனார்.

இரவு, இணுவில்

நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பதைக் கேட்டுவிட்டு, பெரியம்மா அறைக்குள் போய் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே துணியில் சுற்றிய பழைய காணி உறுதிகள். "உன்ர கேள்விக்கு இதில பதில் இருக்கும், பார் பிள்ளை," என்றார்.

முதல் உறுதி எங்கள் பூட்டியின் தாயாருடையது. தாள் பழுத்து, மடித்த இடங்களில் கிழிந்திருக்கிறது. உறுதி எழுதிய நொத்தாரிசின் எழுத்து ஒரே சாய்வாக, மை மங்கிப் பழுப்பாகத் தெரிகிறது. சீதனமாக வந்த தோட்டத் துண்டொன்றின் எல்லைகள் நான்கு திசைக்கும் சொல்லப்பட்டு, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டு, கடைசியில் கையொப்பமிட வேண்டிய இடத்தில் ஒரு புள்ளடி, அதாவது குறுக்காக இட்ட இரு கோடுகள், இருக்கிறது. அந்தப் புள்ளடியின் ஒரு கால் நீண்டும் மற்றது குறுகியும் இருக்கின்றன. பேனாவை முதன்முதலாகப் பிடித்த கை அழுத்திய இடத்தில் மை பரவியிருக்கிறது. பக்கத்தில், இது இன்னாருடைய அடையாளம் என்று நொத்தாரிசே பெயரை எழுதியிருக்கிறார். அடுத்த உறுதி மகளுடையது. அதில் புள்ளடி இல்லை. பெரிய எழுத்துகளில், வரி மேலும் கீழுமாக ஏறி இறங்க, தமிழில் முழுப் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. மகள் எங்கே படித்தார் என்பது வீட்டில் எவருக்கும் தெரியாது.

இதை இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டு, பிரித்தானியர் 1806இல் சட்டமாக ஏற்றுக்கொண்ட தேசவழமை என்ற யாழ்ப்பாண மரபுச் சட்டம், யாழ்ப்பாணப் பெண்ணுக்குச் சீதனமாக வரும் நிலத்தை அவள் பெயரிலேயே வைத்தது. அந்தக் காலத்தில் உலகின் பல பாகங்களில் பெண்களுக்கு இந்த உரிமை இருக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் சம்மதம் வேண்டும். அதற்கும் மேலாக, உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தறிய அவளுக்கு வழியில்லை. தகப்பன் சொன்னதை நம்பி, கணவன் சொன்னதை நம்பி, நொத்தாரிசு காட்டிய இடத்தில் புள்ளடி போட வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பெண் கல்வியைப் பற்றிப் பேசுகிறவர்கள் சமயத்தையும் ஒழுக்கத்தையும் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். காணி உறுதியைப் பற்றிப் பேசியவர்களை நான் அதிகம் கண்டதில்லை. என் எண்ணத்தில், சொத்து இருந்தும் எழுத்து இல்லாத நிலையைப் பெண்கள் தாமே உணர்ந்திருந்தார்கள். தாங்கள் படிக்காவிட்டாலும் மகளைப் படிக்க அனுப்ப வேண்டும் என்று அடுப்படியிலிருந்து கிளம்பிய பிடிவாதத்தின் வேர் அங்கேயும் இருந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை, மானிப்பாய்

அமெரிக்க மிஷன் அச்சகம் இருந்த ஊர் இது. 1841 ஜனவரியில் ‘உதயதாரகை’ பத்திரிகை இங்கிருந்துதான் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக வெளிவரத் தொடங்கியது. உடுவிலில் படித்து வெளியேறிய பெண்ணுக்கு வாசிக்க ஏதாவது வேண்டும் அல்லவா? வேதாகமத்தையும் பாடநூலையும் தாண்டி, ஊர்ச் செய்தியும் உலகச் செய்தியும் கொண்ட ஒரு தாள் வீட்டுக்குள் வந்தபோது எழுத்தறிவுக்குப் புதிய பயன் பிறந்தது.

பணியிலிருந்து ஓய்வுபெற்ற எலைசா அக்னியூ தம் இறுதி ஆண்டுகளை மானிப்பாயில்தான் கழித்தார். அமெரிக்காவிலிருந்து 1880இல் வந்திருந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் அவரைத் தம்மோடு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1883 ஜூன் மாதத்தில் அவர் மறைந்தார். நியூயோர்க்கில் வாழ்ந்ததைவிட நீண்ட காலம் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த அவரை வெளிநாட்டார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நிறுவிய மருத்துவமனையையும், திரும்பும் வழியில் இணுவிலில் பெண்களுக்கென்று எழுந்த மக்லியோட் மருத்துவமனையையும் பார்த்தேன். ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட மறுத்துப் பிரசவத்தில் மாண்டுபோன பெண்களுக்காகவே பெண் மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள். அந்தப் பணிக்காகக் கனடாவிலிருந்து 1896இல் வந்தவர் மேரி இர்வின். அவர் ஒரு யாழ்ப்பாணத் தமிழரை மணந்துகொண்டதை மிஷன் ஏற்றுக்கொள்ளவில்லை. தமிழ்ப் பெண்களுக்குப் பணி செய்யலாம், தமிழருக்கு மனைவியாகக் கூடாது என்ற அந்த நிலைப்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. மேரி ரட்ணம் என்ற பெயரோடு கொழும்பில் மருத்துவராகவும் பெண்கள் இயக்கத் தலைவியாகவும் உயர்ந்த அவர், 1927இல் பெண்களுக்கு வாக்குரிமை கோரி அமைந்த சங்கத்தின் முன்னணியில் நின்றார். 1958இல் ஆசிய அளவில் பொதுப்பணிக்கு வழங்கப்படும் மக்சாய்சாய் விருது பெற்றார். யாழ்ப்பாணம் இழந்ததை நாடு பெற்றது.

ஞாயிற்றுக்கிழமை, வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை

இன்றைய குறிப்பு சிறியது. வட்டுக்கோட்டைச் செமினரியில் சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பெரும் தமிழறிஞர்கள் உருவானார்கள். ஆனாலும் 1855இல் மிஷன் அதை மூடிவிட்டது; ஆங்கிலம் கற்று அரச உத்தியோகத்துக்குப் போகிறார்களே தவிர ஊழியத்துக்கு வருவதில்லை என்பது அவர்களுடைய வருத்தம். யாழ்ப்பாணக் கல்லூரியாக அது மறுபடி எழ 1872 ஆயிற்று. ஆண்களின் கல்லூரி மூடப்பட்ட அந்த ஆண்டுகளில், அவர்களுக்கு மனைவியரை உருவாக்கத் தொடங்கிய உடுவில் விடுதி மூடப்படவே இல்லை. உத்தியோகம் கிடைக்காத பெண்ணின் படிப்பால் எவருக்கும் இடைஞ்சல் இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். எக்காரணத்தாலாவது தொடர்ந்து நடந்ததே பெரிது.

தெல்லிப்பழைக்குப் போனது மங்களநாயகம் தம்பையாவின் ஊர் என்பதற்காக. ஈழத்துத் தமிழ்ப் பெண் எழுதிய முதல் நாவல் என்று எண்ணப்படும் ‘நொறுங்குண்ட இருதயம்’ அவர் எழுதி 1914இல் வெளிவந்தது. உடுவில் விடுதி தொடங்கி 90 ஆண்டுகள். வாசிக்கக் கற்றவர்களின் பேத்திமார் எழுதத் தொடங்க அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது. அதுவும், மணவாழ்க்கையில் ஒரு பெண் படும் துயரத்தைத்தான் முதலில் எழுதியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் நெடுநாள் மக்கள் போக முடியாதிருந்த பகுதிகள் இப்பக்கத்தில் பல. கூரையில்லாத வீடுகள் இன்னும் சில நிற்கின்றன.

திங்கட்கிழமை, மருதனார்மடம்

இராமநாதன் கல்லூரிக்குப் பெரியம்மாவும் கூட வந்தார். அவர் இங்கே விடுதியில் தங்கிப் படித்தவர். ஓட்டோவிலிருந்து இறங்கியதும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அதிபரைப் பார்க்கப் போகும் மாணவிபோல நிமிர்ந்து நின்றார்.

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் இந்தக் கல்லூரியை நிறுவியபோது, சைவப் பெண்பிள்ளைகள் மதம் மாறாமல் உயர்கல்வி பெற வேண்டும் என்பதே குறிக்கோள். "எங்கட அப்பா என்னை உடுவிலுக்கு அனுப்ப மாட்டன் எண்டு ஒற்றைக்காலில நிண்டவர். இராமநாதன் எண்டபடியால்தான் விட்டவர். காலமை தேவாரம் படிச்சுத்தான் வகுப்புத் தொடங்கும்," என்றார் பெரியம்மா. இந்த ஒரு வாசல் இல்லாதிருந்தால் அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றிருப்பார். மதமாற்றத்தின் அச்சத்தால் மகளை வீட்டில் வைத்திருந்த எத்தனையோ தகப்பன்மாருக்கு இந்தக் கல்லூரி சாக்குச் சொல்ல இடம் வைக்கவில்லை. சைவத்துக்கு அது செய்த தொண்டைவிடப் பெண்களுக்குச் செய்த தொண்டு பெரிது என்பது என் துணிபு.

தொடக்க ஆண்டுகளில் இங்கே பொறுப்பேற்றிருந்தவர் புளோரன்ஸ் பார். இலண்டன் மேடைகளில் புகழ்பெற்ற நடிகை. கவிஞர் யேற்ஸுக்கும் நாடகாசிரியர் பெர்னாட் ஷோவுக்கும் நெருங்கிய நண்பர். அந்த வாழ்க்கையையெல்லாம் விட்டுவிட்டு 1912இல் இலங்கை வந்து, இந்தச் செம்மண்ணில் சைவப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். புற்றுநோய் கண்டு 1917இல் கொழும்பில் மறைந்தார். பின்னர் இராமநாதனின் துணைவியார் லீலாவதி அம்மையார் கல்லூரியை முன்னின்று வளர்த்தார். அவரும் அவுஸ்திரேலியாவில் பிறந்தவரே. 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள் இந்தக் கல்லூரியிலும் உடுவிலிலும் மாணவிகளிடையே உரையாற்றினார்.

இராமநாதனைப் போற்றும் அதே வேளையில் இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. இலங்கையின் அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் 1920களின் கடைசியில் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று வாதிட்டவர்களில் அவரும் ஒருவர். பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர், படித்த பெண் வாக்களிப்பதை விரும்பவில்லை. உடுவில் மிஷனார் மனைவியை உருவாக்க நினைத்தார்கள். இராமநாதன் சைவ இல்லத்தரசியை உருவாக்க நினைத்தார். கொடுத்தவர்கள் எல்லோரும் ஓர் எல்லையை மனத்தில் வைத்தே கொடுத்தார்கள். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அவர் விரும்பாட்டி என்ன, நாங்கள் எல்லாத் தேர்தலுக்கும் போய்ப் போட்டிட்டுத்தானே வாறம்," என்று சொல்லிவிட்டு மண்டபத்தைப் பார்க்க நடந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. மிஷன் பள்ளியாயினும் சைவப் பள்ளியாயினும் அந்த வாசல்கள் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலத் திறந்திருக்கவில்லை. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை 1920களின் இறுதியில் வலுத்தபோது, யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. பெண் என்ற தடையைத் தாண்டிய பிறகும் சாதி என்ற தடையில் நிறுத்தப்பட்ட சிறுமிகளின் வரலாறு தனியாக எழுதப்பட வேண்டியது.

செவ்வாய்க்கிழமை, வண்ணார்பண்ணை

ஆறுமுக நாவலர் 1848இல் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய பகுதி இது. மிஷனாரிடம் கற்ற முறைகளைக் கொண்டே மிஷனாருக்கு மாற்றுக் கட்டியெழுப்பிய அவருடைய வழியைத்தான் பிற்காலச் சைவக் கல்லூரிகள் எல்லாம் பின்பற்றின. ஆனால் நான் இங்கே வந்தது மங்களம்மாள் மாசிலாமணியின் நினைவாக. வண்ணார்பண்ணையில் பெண்களைத் திரட்டிச் சங்கம் அமைத்தவர். 1923இல் ‘தமிழ் மகள்’ என்ற இதழைத் தொடங்கித் தாமே ஆசிரியராக இருந்து நடத்தியவர். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், சீதனக் கொடுமை ஒழிய வேண்டும், அரசியலில் பெண்ணுக்குப் பங்கு வேண்டும் என்று எழுதியவர். இங்கேதான் கதை திரும்புகிறது. அதுவரை பெண் கல்வியைப் பற்றி மிஷனார் எழுதினார்கள், ஆண்கள் எழுதினார்கள். இப்போது அந்தக் கல்வி எதற்கு என்று ஒரு யாழ்ப்பாணப் பெண் தாமே தமிழில் எழுதினார். மனைவியாவதற்கு என்றோ இல்லத்தரசியாவதற்கு என்றோ அவர் நிறுத்திக்கொள்ளவில்லை.

சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. 21 வயது நிரம்பிய பெண்கள் அனைவருக்கும் வாக்கு. யாழ்ப்பாணத்தில் மட்டும் அவ்வாண்டு வாக்களிப்பு நடைபெறவில்லை. முழுச் சுயாட்சி கிடைக்கவில்லை என்று வாலிபர் காங்கிரஸ் என்ற யாழ்ப்பாண இளைஞர் அமைப்பு அழைப்பு விடுத்த பகிஷ்கரிப்பால் யாழ்ப்பாணத் தொகுதிகள் வெறுமையாகவே இருந்தன. 1934இல்தான் அந்தத் தேர்தல்கள் நடந்தன. நாட்டின் மற்றப் பகுதிப் பெண்களைவிட மூன்று ஆண்டுகள் காத்திருந்துதான் யாழ்ப்பாணப் பெண் வாக்குச் சாவடிக்குப் போனாள். பகிஷ்கரித்தவர்களின் நாட்டுப்பற்றை நான் ஐயுறவில்லை. ஆயினும் அந்த முடிவை எடுத்த கூட்டங்களில் பெண்களின் கருத்தை எவரேனும் கேட்டார்களா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது.

நாளை காலைப் பேருந்தில் திருகோணமலை திரும்புகிறேன். ஹரியட், எலைசா, இராமநாதன், லீலாவதி, மங்களம்மாள் ஆகியோரின் பெயர்கள் எப்படியும் நிலைத்துவிட்டன. அவர்களிடம் படித்த பிள்ளைகளின் பெயர்கள் நிலைக்கவில்லை. வாசிக்கும் உங்கள் வீடுகளிலும் தகரப் பெட்டிகள் இருக்கும். உறுதிகள், பாடசாலை விடுகைப் பத்திரங்கள், பரிசுப் புத்தகங்களின் முதற்பக்கங்கள், அம்மம்மாவின் கடிதங்கள் இருக்கும். அவற்றில் ஒரு பெண் தன் கையால் எழுதிய பெயர் இருந்தால், வீட்டு மூத்தவர்களிடம் அவர் யார், எந்த ஊர், எங்கே படித்தார் என்று கேட்டு ஒரு தாளில் குறித்து அதனோடு வையுங்கள்; முடிந்தால் படியெடுத்து நூலக நிறுவனத்தின் எண்ணிம நூலகம் போன்ற இடங்களுக்குக் கொடுங்கள். பெரியம்மாவின் பெட்டியிலிருந்த உறுதிகளை நேற்றிரவே படமெடுத்துவிட்டேன். மகளின் கையொப்பம் எந்தப் பள்ளியிலிருந்து வந்தது என்று அறிய, இணுவிலில் இன்னும் இரண்டு மூத்த உறவினர்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் சொல்வது கிடைத்ததும் அதையும் எழுதுவேன்.